அண்ணன் வாங்கிய ஸ்படிகம்

ஐயா, அம்மையீர், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் படிகங்களைப் பற்றி எழுதத் துணிவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் அறிந்த அறிவியல் முழுவதும் இங்கே மலேசியாவில், ஈப்போ நகரின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கி நானாகப் படித்துக்கொண்டது. அதனால் உண்டான கர்வமே இவ்வளவுக்கும் காரணம்.

ஈப்போவை அடுத்த லகாட்டில் என் அண்ணனுக்குத் திதி கொடுத்த அன்று, அவர் இந்தியாவில் வாங்கிவந்த ஸ்படிக மாலையை அண்ணி வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணிகளில் ஒன்றின் உள்ளே சிறு குமிழ் தெரிந்தது.

"இது கண்ணாடி லா, அண்ணி. அண்ணன நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று உறவினர் அனைவர் முன்னிலையிலும் அறிவித்தேன்.

அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று. "அவரு இத உருட்டாம ஒரு நாளும் காப்பி குடிச்சதில்ல, தம்பி."

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். என் மகள் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எக்ஸ்ரே கருவியை இயக்குகிறாள். அந்த மணியைக் கழற்றித் தந்தால் படம் எடுத்துக் காட்டுவதாகவும், மணிக்கு ஒன்றும் நேராது என்றும் வாக்களித்தேன். பத்து காஜா ஊர் மருத்துவமனையில் என் நெஞ்சை எடுத்த படம் போன்றதே இதுவும் என்று எண்ணியிருந்தேன்.

மகள் சிரித்தாள். "இந்த மெஷின்ல முழு மணி வேலைக்காவாதுப்பா. பொடியாக்கணும். பெரியம்மாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சு, நீ இடி" என்றேன். கேட்கவில்லை.

படிகத்துள் அணுக்கள் ரப்பர்த் தோட்டத்து மரங்களைப் போல் ஒழுங்காக நிற்கின்றன. சாலையில் செல்கையில் ஒரு கோணத்தில் மர நிரைகள் திறந்து நெடுந்தூரம் தெரியும். மறு கோணத்தில் மூடிக்கொள்ளும். எக்ஸ்ரே கதிரும் சில கோணங்களில் மட்டுமே அணு நிரைகளில் பட்டு வலுவாகத் திரும்புகிறது. அக்கோணங்களை அளந்தால் நிரைகளின் இடைவெளி தெரியும். இடைவெளியிலிருந்து பொருள் இன்னதென்று தெரியும். பொடியில் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் ஒரு கோணமும் தப்பாது. கண்ணாடியோ தானாக முளைத்த காடு. அதில் நிரையே இல்லை. கருவி ஒரு மழுங்கிய மேட்டை மட்டுமே வரையும்.

திரையில் எழுந்தவை ஊசி ஊசியான முனைகள்.

"அசல் ஸ்படிகம்ப்பா. குமிழு, கல்லு வளரும்போது உள்ள மாட்டுன தண்ணியா இருக்கும்."

மிஞ்சிய பொடியைச் சிறு குப்பியில் கொண்டுபோய், மணி அசல்தான் என்று சொல்லி அண்ணியிடம் நீட்டினேன். அவர் குப்பியை வாங்கிக்கொண்டார். "மணி போச்சு. அவரு பேரயாச்சும் திருப்பிக் குடுங்க. யாரு முன்னாடி ஏமாளின்னு சொன்னீங்களோ, அவங்க முன்னாடியே சொல்லுங்க."

மறு ஆண்டுத் திதியில் எழுந்து நின்றேன். அணு, நிரை, கோணம் என்று தொடங்கினேன். என் பிழையை அறிவியலுக்குள் ஒளிக்கப் பார்த்தேன் என்பதே உண்மை. மனைவியின் தம்பி குறுக்கிட்டார்: "மச்சான், சாம்பார் ஆறுது லா! பாடத்த அப்பறம் எடுங்க." எல்லோரும் சிரித்தபடி இலைக்குப் போய்விட்டனர்.

அண்ணி மட்டும் நின்றார். "ஒரு வரி, தம்பி. ஒரே ஒரு வரிதான கேட்டேன்" என்றுவிட்டுப் பரிமாறப் போனார்.

என் அண்ணன் வாங்கியது அசல் ஸ்படிகம். அவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. உறவினரை மீண்டும் கூட்டி இதைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். தயவுசெய்து இதைப் பத்திரமாக வைத்திருங்கள்.