அவருடைய காணியும் நான் வைத்த நேர்த்தியும்

என் கணவர் இனி நடக்கமாட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சியம் என்றதும் கடைசியில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார் என்று வரும் என நீங்கள் காத்திருக்கக்கூடாது. இது அப்படிப்பட்ட அற்புதம் இல்லை. ஆனாலும் ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். அதை மறைத்து வைத்தால் நான் நன்றி கெட்டவள்.

என் பெயர் றீற்றா. ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் பதினோராம் மாடியில் இருக்கிறோம். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் போடுவது, ஊட்டுவது என் வேலை. கணவர் ஞானம் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் மெசினுக்கு முன்னால் நின்றவர். மகள் அனிற்றா இங்கே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு.

கணவருடைய தகப்பனார் மன்னாரில் இருந்து வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய மனிதர். அந்தக் காணி சண்டைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு என் கணவர் சொந்த மண்ணில் நின்றதே இல்லை, எல்லாம் வாடகைத் தரைதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "றீற்றா, நான் காணி ஒண்டு வாங்கிட்டன்" என்றார். எங்கே என்று கேட்டேன். வட ஒன்ராறியோவில், ரொறன்ரோவிலிருந்து காரில் ஒரு முழுப் பகல் ஓட்டம். சுற்றிவரக் காடு. ஒரு தமிழனும் அந்தப் பக்கம் இல்லை.

"ஸ்காபரோத் தமிழரெல்லாம் வீடு வாங்கினம், நீங்கள் காடு வாங்கியிருக்கிறியள்" என்று பேசினேன். கோயிலில் ஆண்கள் இவரைக் 'குடியேற்றக்காரன்' என்று பகிடி பண்ணினார்கள். இவருக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி. சிரித்துக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கோடையில் என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சேறு. கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் பூச்சி. இவர் நடுவில் நின்று கையை விரித்து, "இஞ்ச பாரும், வேலி எங்க முடியுதெண்டு தெரியுதே?" என்றார்.

"வேலியே இல்லை, பேந்தெப்பிடி முடியும்?" என்றேன். அவ்வளவு சந்தோசமாக அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

போன வருடம் வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். ஒரு பழைய ட்ரெய்லரில் விறகு அடுப்பு வைத்துத் தங்கி, மரங்களை வெட்டி, பனிக்கு முன் ஒரு சின்ன வீடு எழுப்புவதுதான் எண்ணம். மூன்று மைல் தள்ளி ஹென்றி என்ற கிழவரும் மனைவியும் இருந்தார்கள். ஹென்றியின் பாட்டன் காலத்திலிருந்து அங்கேதானாம். அந்தப் பக்கத்தில் காலையில் ஒருவர் வீட்டுப் புகையை மற்றவர் பார்ப்பது வழக்கம். புகை எழும்பினால் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

ஐப்பசி கடைசியில், முதல் பனி விழுந்த கிழமை, இவருடைய புகை எழும்பவில்லை.

ஹென்றி ட்ராக்டரில் போய்ப் பார்த்திருக்கிறார். வெட்டிய மரம் மற்றொரு மரத்தில் மாட்டி, திரும்பி இவர் மேலே விழுந்திருக்கிறது. இடுப்புக்கு மேலே முள்ளந்தண்டு உடைந்து, இரவு முழுக்க அந்தப் பனியில், மரத்துக்குக் கீழே கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. ஹெலிகொப்டரில் ஏற்றி, பிறகு விமானத்தில் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு கிழவிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். சுப்பவைசர் வந்து என் கையிலிருந்து சீப்பை வாங்கினா. 

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வாயில் குழாய், முகம் ஊதி, கைவிரல்கள் கறுத்துப் போய்க் கிடந்தார். இடது கையில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு நுரையீரலில் கிருமி. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒருநாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "குடும்பத்தில் எல்லோரும் இன்றைக்கு ஒருக்கா வந்து பார்ப்பது நல்லது" என்றார். அந்த வசனத்தின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே வசனத்தை நான் எங்கள் இல்லத்தில் கிடப்பவர்களின் பிள்ளைகளுக்கு எத்தனை முறை போனில் சொல்லியிருக்கிறேன்.

அங்கே எல்லாச் சமயத்துக்கும் பொதுவாகச் செபிக்க ஒரு அறை இருக்கிறது. சிலுவை இல்லை, மாதா இல்லை, கதிரைகள் மட்டும். நான் தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, இவரை எனக்குத் தாரும். அந்தக் காணியை எடுத்துக்கொள்ளும். வித்துக் காசை உம்முடைய கோயிலுக்குத் தாறன். இனி எங்கட வீட்டில ஒருத்தரும் அந்த மண்ணில கால் வைக்கமாட்டம்" என்று நேர்ந்தேன். வெளியே வந்து எங்கள் செபக்குழுவை நடத்தும் பிலோமினா அக்காவிடமும் சொன்னேன். பின்னேரத்துக்குள் குழு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. அந்தக் கிழமைக்குள் குழாயை எடுத்தார்கள். செபக்குழுப் பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். நானும் பாடினேன். கால் இரண்டும் மரக்கட்டை போலக் கிடந்தன. அதைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை.

பிறகு மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இவருக்குக் குரல் திரும்பியது. முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "அறுத்து வைச்ச பலகையை ஹென்றி மூடி வைச்சவரோ?" மார்கழி மாதம். நான் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, கையைப் பிடித்து, நேர்த்தியைச் சொன்னேன். சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். உயிர் தப்பிய மனிதர்தானே.

 "ஆரின்ர காணியை ஆர் குடுக்கிறது?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு கதை இல்லை. என்னோடும் இல்லை, அனிற்றாவோடும் இல்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டால் கண்ணை மூடுவார். சாப்பாட்டைக் கொண்டு போனால் வாயை இறுக்குவார். தண்ணீரும், சில நாள் ஒரு வாய் கஞ்சியும் மட்டும் உள்ளே போகும். கிறிஸ்து பிறந்த நத்தார் வந்தது, போனது. நாரியில், முதுகின் அடியில், படுக்கைப் புண் வந்தது. நான் எத்தனையோ பேரின் புண்ணுக்கு மருந்து கட்டியவள், என் புருசனின் புண்ணைத் திறந்து பார்த்தபோது எலும்பு தெரிந்தது. வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்கலாமா என்று டொக்டர் இவரையே கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, மறுக்க உரிமை இருக்கிறது, எங்களால் கட்டாயப்படுத்த முடியாது என்று டொக்டர் என்னிடம் சொன்னார். ஆண்டவர் தந்த உயிரை இவர் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அனிற்றா என்னோடு சண்டை பிடித்தாள். "அம்மா, அது அப்பாவின்ர லாண்ட். நீங்கள் எப்பிடிக் குடுப்பியள்? கடவுளிட்ட சொறி சொல்லிட்டுத் திருப்பி வாங்குங்கோ!"

திருப்பி வாங்குவதா? அதை நினைக்கவே எனக்குப் பயம். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பயம் பாலோடு ஊட்டப்பட்டது. நேர்ந்ததை மீறினால் கேட்டதும் போகும், கேட்காததும் போகும். பிலோமினா அக்கா என் கையைப் பிடித்து, "ஆண்டவரோட விளையாடாதை, பிள்ளை. உனக்கும் ஒரு குமர்ப்பிள்ளை இருக்கு" என்றா. அதற்குப் பிறகு அனிற்றா பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தினாலே நான் வாசலில் போய் நிற்பேன். பங்குச் சுவாமியாரிடம் ஓடினேன். நேர்த்தியைத் தளர்த்திவிட வழி இருக்கிறது, பயப்படாதேயும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மண்டைக்கு விளங்கியது. நெஞ்சுக்கு விளங்கவில்லை. நேர்த்தியைக் காப்பாற்றினால் இவர் சாவார். மீறினால் ஆண்டவர் இவரை எடுப்பார், பிள்ளையையும் எடுப்பாரோ தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் வேலைக்குப் போய் வந்தேன்.

செபிக்கவும் முடியவில்லை. செபமாலையை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். என்ன கேட்பது? கொடுப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

தவக்காலத்து ஞாயிறு ஒன்று. பூசை முடிந்து, புட்டும் மீன் சொதியும் கட்டிக்கொண்டு போனேன். மத்தியானம். அறையில் இன்னொரு நோயாளி ரீவீ பார்த்துக்கொண்டிருந்தார். நான் புட்டைக் குழைத்துக் கரண்டியை நீட்டினேன். இவர் வாயை இறுக்கினார். கன்னம் இரண்டும் உள்ளே போய், என் இல்லத்தில் கடைசி நாளில் கிடப்பவர்களின் முகம் போல இருந்தது அந்த முகம். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கரண்டியை எறிந்துவிட்டு எழும்பி நின்றேன். யார் பார்க்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்ற எண்ணமே இல்லை.

"ஆண்டவரே!" என்று கத்தினேன். "நான் உமக்குத் தந்த காணி என்ர இல்லை. இந்த மனுசன்ர பொருளைத் தூக்கித் தந்திட்டு நான் நல்ல பேர் வாங்கிக்கொண்டு திரியிறன். அதைத் திருப்பி எடுக்கிறன். உமக்குக் கோவமெண்டா என்னோட கோவியும். இவரைத் தொடாதையும். பிள்ளையைத் தொடாதையும். என்ர எண்டு சொல்ல என்னட்ட நான் மட்டும்தான் இருக்கிறன். வேணுமெண்டா என்னை எடும். இப்பவே எடும்!"

பக்கத்துக் கட்டில்காரர் ரீவீயை நிற்பாட்டிவிட்டார். நேர்ஸ் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ஆண்டவர் அந்த இடத்திலேயே என்னை அடித்துப் போடுவார் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது கட்டிலில் இருந்து ஒரு சத்தம். துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?"

திரும்பிப் பார்த்தேன். இவருடைய முகம் சுவர்ப் பக்கம் இல்லை. கண் இரண்டும் மேலே, கூரையைப் பார்த்தபடி. இரண்டு விரல் இல்லாத கையைத் தூக்கி வைத்திருந்தார்.

"ஆண்டவரே," என்றார், "உவள் சொல்லுறதைக் கேட்டுடாதையும். உவள் இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கினம்?"

அந்த மனிதர் விழுந்த நாளிலிருந்து ஒரு செபம் சொன்னதில்லை. நாங்கள் கட்டிலைச் சுற்றிப் பாடியபோதும் வாய் திறந்ததில்லை. நான் அப்படியே கட்டிலில் தலையை வைத்துக் கதறினேன். அவரும் அழுதார், சத்தமாக, பிள்ளை போல. நேர்ஸ் மெல்லத் திரையை இழுத்துவிட்டுப் போனாள். அழுது ஓய்ந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "அப்ப வாயைத் திறவுங்கோ" என்றேன். திறந்தார். ஆறிப்போன சொதியோடு கொஞ்சம் சாப்பிட்டார். உப்புக் காணாது என்றார்.

நான் கேட்டது இதைத்தான் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இவருடைய உயிரை ஆண்டவர் முன்பே தந்துவிட்டார். வாழவேண்டும் என்ற மனதை அந்த ஞாயிறு தந்தார்.

எல்லாம் லேசாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். புண் ஆறக் கோடை முடிந்துவிட்டது. இரவில் இல்லாத காலில் வலி என்று பல்லைக் கடிக்கிறார், கால் இருக்கிறது, உணர்வுதான் இல்லை, வலி மட்டும் எங்கிருந்தோ வருகிறது. சில நாள் திரும்பவும் சுவரைப் பார்க்கிறார். செபக்குழுவில் சிலர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். நேர்த்தியை மீறியவளுக்கு என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. இவர் இருமினால் இன்றைக்கும் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். ஆனால் முன்பு அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் விலை பேசினேன். இப்போது பயமாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிடுகிறேன்.

காணியை என்ன செய்வது என்று இவரே முடிவெடுத்தார். பாதியை ஹென்றி புல் வெட்டக் குத்தகைக்கு எடுக்கிறார். மற்றப் பாதியில், இவர் அறுத்த பலகையிலேயே, சக்கர நாற்காலி ஏறக்கூடிய வாசலோடு வீடு எழும்புகிறது. போன மாதம் போய்ப் பார்த்தோம். தான் வெட்டிய அடிக்கட்டைகளுக்கு நடுவில் இவர் நாற்காலியை நிறுத்தி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். நான் அங்குள்ள முதியோர் இல்லத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அனிற்றா பல்கலைக்கழகம் போனதும் நாங்கள் இருவரும் போய்க் குடியேறுவோம்.

இதை வாசிக்கிற சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கலாம். ஆண்டவரிடம் பொருள் கொண்டு போகாதீர்கள், மற்றவருடைய பொருளை அறவே கொண்டு போகாதீர்கள். அவருக்கு அது தேவையில்லை. வெறுங்கையோடு போய் நில்லுங்கள். தனி அறை தேடி ஓடவேண்டாம், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். படுத்திருப்பவருக்கும் அது கேட்கட்டும்.