நான் எண்ணிய பத்து நொடி

இந்த வருடம் எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி ஏன் அப்படித் தோற்றது என்று யாராவது கேட்டால், நான் முதலில் மழையைக் குறை சொல்வேன். அப்புறம் புதுக் கோச்சை. அப்புறம், சீசன் தொடங்கும் முன்பே ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்ட எங்கள் நெட்டைப் பெண்ணை. இப்படிக் கை நீட்ட எனக்கு ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. என்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று.

எங்கள் கல்லூரி என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, நான் அங்கே படித்தவன் இல்லை. கூடைப்பந்தைக் கையால் தொட்டவனும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. என் மகள் அந்தக் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அணியில் இருந்தாள். இருந்தாள் என்றால், பெரும்பாலும் பெஞ்சில் இருந்தாள். அவள் எப்போதாவது உள்ளே இறங்க மாட்டாளா என்று பார்ப்பதற்காகச் சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு கேலரிக்குப் போக ஆரம்பித்தேன். அவள் படிப்பை முடித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். நான் மட்டும் கேலரியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“பொண்ணு பாஸ் பண்ணிட்டுப் போயிட்டா. நீங்க இன்னும் எத்தனை அரியர் வெச்சிருக்கீங்க?” என்று என் மனைவி கேட்பாள்.

எங்கள் மைதானத்தில் மின்சார ஸ்கோர் போர்டு கெட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. நேரம் காட்ட ஒரு சின்னக் கடிகாரம்தான். அதுவும் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் இருக்கும். உள்ளே ஆடுகிறவர்களுக்கு அது தெரியாது. என் மகள் இருந்த காலத்தில், ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதியும் முடியும் நேரத்தில் இது புரியாமல் எங்கள் பெண்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே விசில் வாங்குவார்கள். எனக்கு எரிச்சல் தாங்காது. ஒரு நாள் மேசைக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்து, கடிகாரம் பத்தைத் தொட்டதும் “பத்து, ஒன்பது, எட்டு” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. வெளியூர் கோச் ஒருவர் புகார் கொடுத்தபோது, கத்தக் கூடாது என்று எந்த ரூலும் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் ‘கவுன்ட் பாய்’ ஆனேன். முதல் எண் என்னுடையது. கேலரி என்னைத் தொடரும். எங்கள் பெண்கள் தலையைத் திருப்ப மாட்டார்கள், காதால் கேட்டே ஆடுவார்கள்.

எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கடிகாரம் பத்தைத் தொடும்போது ஒரு தடவை பார்ப்பதோடு சரி. அப்புறம் கண்ணை ஆட்டத்தில் வைத்துக்கொண்டு, காலால் தாளம் தட்டியபடி எண்ணுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடத்துக் கேப்டன் பீர்க்கன்கரணைப் பெண். கடைசி வருடம். அவளுடைய அப்பா பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கிற யூனிட்டில் இருபது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர். அவருக்கு நான்தான் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். சீசன் தொடங்குவதற்கு முன்னால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தவள், அவர் கண் பரிசோதனைக்கு உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“பாய், இந்த வருஷம் காலேஜ் லீக்ல முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா அந்த சர்டிஃபிகேட்டை வெச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டால அப்ளை பண்ணலாம். கவர்மென்ட் வேலை கிடைச்சுட்டா அப்பாவை மெஷின்லேர்ந்து எழுப்பிடுவேன்.”

“மூணாவது இடமா? நீங்க கப்பே அடிப்பீங்கம்மா” என்றேன். போன வருடம் இரண்டாம் இடம் வந்த அணி. என் கணக்கு தப்பில்லை.

ஆனால் முதல் ஆட்டத்திலேயே விழுந்தோம். நெட்டைப் பெண் இல்லாமல், ரிங்கில் பட்டுத் திரும்பும் ரிபவுண்டுப் பந்து ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. பழைய கோச் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நல்ல மனிதர், ஆனால் ஹாக்கி ஆடியவர். டைம் அவுட்டில் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மைதானத்துக்குக் கூரை கிடையாது. பயிற்சி நாளெல்லாம் தரையில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பதிலேயே போயிற்று. ஏரி நிரம்பி, கேப்டன் வீட்டுத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அவள் ஷூவைப் பாலிதீன் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்து, மைதானத்து வாசலில் காலைக் கழுவிவிட்டு மாட்டிக்கொள்வாள். ஒரு நாளும் லேட்டானதில்லை.

கேலரியில் கூட்டம் கரைந்தது. ஜெயிக்கும்போது இடம் பிடிக்க அடித்துக்கொள்கிற ஆட்கள், நான்காவது தோல்விக்குப் பிறகு ஃபோனில் “பாய், ஸ்கோர் என்ன?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வந்து பார்த்துக்கொள் என்று கத்திவிட்டு வைத்துவிடுவேன். நான் போகாமல் இருக்கவில்லை. சந்தோஷத்துக்காகப் போனேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் தனியாக அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எப்படியோ தட்டுத் தடுமாறி மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அதுவும் எங்கள் மைதானத்திலேயே. அன்று மழை இல்லை. கரைந்துபோன கூட்டமெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. நான் மேசைக்குப் பின்னால் என் இடத்தில் இருந்தேன்.

கடைசியில் ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். பதினொரு நொடி மிச்சம், பந்து எங்களுடையது. கோச் டைம் அவுட் கேட்டார். “அவசரப்படாதே. கடைசி மூணு செகண்ட் வரைக்கும் வெச்சிரு, அப்புறம் உள்ளே புகுந்துடு” என்று அவர் கேப்டனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஹாக்கிக்காரராக இருந்தாலும் அன்று சரியாகத்தான் சொன்னார்.

பந்து உள்ளே வந்தது. கடிகாரம் பத்தைத் தொட்டதும் “பத்து” என்றேன். கேலரி அதிர்ந்தது. ஒன்பது, எட்டு. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏழு, ஆறு. கேப்டன் பந்தைத் தட்டியபடி வெளியே நின்றிருந்தாள். எதிரணிப் பெண் குனிந்து வழியை மறித்தாள். ஐந்து, நான்கு. கேப்டன் இடது பக்கம் ஒரு அடி வைத்தாள், வழி திறந்தது. மூன்று. ரிங்குக்கு இன்னும் மூன்று அடியாவது எடுத்து வைக்க வேண்டும். அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியதை நான் பார்த்தேன். நேரம் போதாது என்று முடிவு செய்தாள். ‘இரண்டு’ என்று நாங்கள் கத்தியபோது, நின்ற இடத்திலிருந்தே எகிறிப் போட்டாள். பந்து ரிங்கின் பின் விளிம்பில் பட்டுத் துள்ளி எதிரணியின் கைக்குப் போயிற்று.

ஒன்று. ஜீரோ.

விசில் வரவில்லை.

எங்கள் பெண்கள் ஆட்டம் முடிந்துவிட்டதென்று நின்றுவிட்டார்கள். எதிரணிப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று காட்டியது. அப்புறம் இரண்டு. அந்த மூன்று நொடியைப் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் விசில் அடித்தது.

கேப்டன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றாள். எதிரணியினர் வந்து கை கொடுத்தபோதும் நிமிரவில்லை.

கேலரியில் ஒருவன் மேசைக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று சண்டைக்குப் போனான். மேசையில் இருந்தவர் தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டியதும் அடங்கிவிட்டான். எண்ணியவர்கள் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணியது கவுன்ட் பாய் ஆயிற்றே. வெளியே வரும்போது, ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் பழைய கேலரி நண்பர் என் தோளைப் பிடித்தார்.

“இன்னா பாய் இது? டைம் கீதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது? இப்புடியா அவசரப்படும்? கைல இருந்ததைக் கோட்டை வுட்டுச்சே!”

“ஆமாப்பா. அவசரப்பட்டுட்டா” என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அதை நம்பவும் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

மறுநாள் காலை கேலரி வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தக் கடைசி நிமிடத்தின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக அவளைத் திட்டியிருந்தார்கள். பிரஷர் தாங்கவில்லை, கேப்டன் பதவி யார் கொடுத்தது, இப்படி. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, அந்த வீடியோவை ஓட்டினேன். ‘பத்து’ என்ற என் குரலிலிருந்து ‘ஜீரோ’ என்ற என் குரல் வரை ஏழு நொடிகூட ஆகவில்லை. நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை பார்க்கத் தைரியமில்லாமல் அழித்துவிட்டேன். குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத ஆரம்பித்து, “தப்பு என்னுடையது” என்பதை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அழித்தேன். இருபது வயதுப் பெண் தாங்கிக்கொண்டிருந்ததை ஐம்பத்தெட்டு வயதில் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தோடு போயிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. ஒரு வாரம் கழித்து மைதானத்து வாசல் டீக்கடையில் கோச்சைப் பார்த்தேன். நகரத்தில் ஒரு அலுவலகத்துக்குப் பெண்கள் அணி இருக்கிறதாம். வேலைக்கு ஒரு பெண்ணைப் பரிந்துரைத்து லெட்டர் கேட்டிருக்கிறார்களாம். மூன்றாம் இடம் வராவிட்டாலும் பரவாயில்லை, கோச்சின் லெட்டர் போதுமாம்.

“கேப்டனுக்குத்தான் எழுதணும்னு இருந்தேன் பாய். ஆனா கடைசி நேரத்துல அந்தப் பொண்ணு பதறிடுது. நாளைக்கு அவங்க என்னைத்தான் கேப்பாங்க. நீங்க இத்தனை வருஷமா பாக்கறவரு, என்ன சொல்றீங்க?”

கேப்டன் கொஞ்ச தூரத்தில் பந்துகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னால் அடுத்த நாளே கேலரி முழுக்கத் தெரிந்துவிடும். கவுன்ட் பாய் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பட்டப் பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

“நீங்க பாத்து செய்ங்க சார்” என்றேன். லெட்டர் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

போன வாரம் மத்தியானம் கேப்டன் கடைக்கு வந்தாள். வேளச்சேரியில் பெரிய துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறாளாம். காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே வேலை. அப்பாவுக்குப் பவர் கூடிவிட்டது, ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார், பழைய ஃபிரேமிலேயே புதுக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள் என்றாள். சீட்டை எழுதிக்கொண்டிருந்தபோதே கை நின்றுவிட்டது. தலையைத் தூக்காமலே சொன்னேன்.

“அம்மா, அன்னிக்கு நான் வேகமா எண்ணிட்டேன். உனக்கு இன்னும் மூணு செகண்டுக்கு மேல இருந்துச்சு. தப்பு என்னுது.”

அவள் ஆச்சரியப்படவில்லை. “தெரியும் பாய். விசில் வரலையே, அப்பவே தெரிஞ்சுடுச்சு.”

“அப்புறம் ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை? எல்லாரும் உன்னைத்தானே பேசினாங்க?”

“நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்.” அப்பாவின் பழைய ஃபிரேமை என் பக்கம் தள்ளிவிட்டு, “டீக்கடைல கோச் லெட்டர் விஷயம் பேசினப்பகூட நீங்க அங்கதான் இருந்தீங்க. அப்பவாவது சொல்வீங்கன்னு நெனச்சேன்” என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

அவள் தெருவைத் தாண்டும் முன்பே கோச்சுக்கு ஃபோன் செய்தேன். வீடியோவை, ஏழு நொடியை, டீக்கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“இப்ப சொல்றீங்களே பாய்” என்றார். “இன்னொரு பொண்ணு அங்க ஜாயின் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. அன்னிக்கு டீக்கடைல இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தீங்கன்னா, லெட்டரை கேப்டனுக்குத்தான் எழுதியிருப்பேன்.”