காவலாளியும் கொச்சி நிலையமும்

பல வருடம் மூடிக் கிடந்த எங்கள் ரயில் நிலையத்தை பழம்பொருள் காட்டும் நூதனசாலையாகத் திறந்த காலையில், அதன் காவலாளி பெயர்ப்பலகைக்கு முன்னால் குடை விரித்து நின்றார். மழை இல்லை. வியர்வையில் அவருடைய மீசைச் சாயம் இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ் படிப்பிக்கும் என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

“ரயிலை நாங்கள் கோச்சி எண்டுதானே சொல்லுறம், கோச்சி நிலையம் எண்டு எழுதச் சொன்னவை, ரீச்சர். சுழியை மறந்து கொச்சி நிலையம் எண்டு எழுதிப்போட்டன். கொச்சி எண்டால் மிளகாயெல்லே, மிளகாய்க்கடை மாதிரிக் கிடக்கு. அதிகாரி கண்டால் வேலை போயிடும்.”

அதற்குள் அதிகாரி வந்து, குடைக்கு மேலால் பலகையை வாசித்தார். அதே பலகையை நம்பிக் கிண்ணியா வியாபாரி ஒருவரும் மிளகாய் மூட்டையை வாசலில் இறக்கினார்.

“இதென்ன கொச்சி?” என்றார் அதிகாரி.

காவலாளி மூட்டையைக் காட்டினார். “அந்தக் காலம் கோச்சியில வந்த சாமான், சேர். காட்சிக்கு வைக்கிறம்.”

அதிகாரி மகிழ்ந்து படம் எடுத்தார்.

“அப்ப என்ட மூட்டை?” என்றார் வியாபாரி.

“தொடாதேங்கோ, நானா, இனி அது மரபுச் சொத்து,” என்று அண்ணன் முறை சொல்லித் தடுத்தார் காவலாளி.

இன்றுவரை நான் திருத்தாமல் விட்ட எழுத்துப்பிழை அது ஒன்றுதான்.