பின்பக்கம் காட்டும் கண்ணாடி

என் வீட்டுக்காரருக்கு சலூன் கடை. இருபத்தாறு வருஷமா நின்னபடியே சம்பாதிச்ச மனுஷன். சர்க்கரை வந்து எட்டு வருஷமாச்சு, ஆனா அதை அவர் ஒரு நோயாவே மதிக்கலை. எப்பவாவது சோதனை போட வர்ற அதிகாரி மாதிரிதான் நினைச்சார்.

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடி இனிப்பைத் தொடமாட்டார், சோத்தைப் பாதியாக்குவார், மாத்திரையை மறக்காம விழுங்குவார். ரிப்போர்ட் நல்லா வந்ததும் அதைக் கடைக் கண்ணாடியில செருகி வச்சு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையடிப்பார். மறுநாளே பழைய குருடி கதவைத் திறடிதான். ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதைதான் இதுன்னு சொன்னா, மீசை விஷயம் உனக்கென்ன தெரியும்னு என் வாயை அடைச்சிடுவார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. தொழில் செய்யற இடத்துல செருப்பு போடமாட்டார்.

ஒருநாள் துவைக்க எடுத்த போர்வையில கால்பக்கம் கறை இருந்துச்சு. அவர் காலை இழுத்து மடியில வச்சுப் பார்த்தேன். விரலிடுக்குல புண், அதுக்குள்ள வெட்டின முடித்துணுக்குங்க முள்ளு முள்ளா இறங்கியிருந்துச்சு. அழுத்திப் பார்த்தேன். மனுஷன் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டிருந்தார். அன்னைக்கே டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன்.

அவங்ககிட்டயும் பழைய ரிப்போர்ட்டைத்தான் நீட்டினார். அது அன்னைக்கு ஒருநாள் கணக்கு, மூணு மாசத்து சராசரியைச் சொல்ற டெஸ்ட்டுகிட்ட நாலு நாள் வேஷம் செல்லாதுன்னு அவங்க சொன்னாங்க. ஏழுக்குள்ள இருக்கவேண்டியது, அதுல பத்துக்கு மேல வந்துச்சு. சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்ததால கால் நரம்பு மரத்துப் போச்சாம். புண் ஆறலைன்னா விரலை எடுக்கணும், பரவினா பாதத்தையே எடுக்கணும்னாங்க.

வீட்டு வாசல்ல நின்னு கேட்டார்: "நிக்க முடியாட்டி கத்தரியைப் பிடிச்சு என்ன பண்ண?" எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு.

ஆறு வாரம் கடையை மூடி வச்சோம். தெய்வாதீனமா விரல் தப்பிச்சுது. இப்போ மாத்திரை தினமும் நேரத்துக்கு, தட்டுல பாதி காய்கறி. காலை மூடின ஷூ போட்டுட்டுத்தான் கடைக்குள்ளே காலை வைக்கிறார். உள்ளங்காலை தினமும் பார்க்கணும்னாங்க. குனிய விடணுமே அந்தத் தொப்பை! அதனால பிடரியைக் காட்டுற கைக்கண்ணாடி ஒண்ணைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். சாயங்காலம் அவர் பாதத்துக்குக் கீழே அதைப் பிடிக்கிறது என் வேலை. அவர் கடையில கேட்கிற மாதிரியே, "பின்னாடி சரியா இருக்கா சார்?"னு கேட்பேன். முறைப்பார்.

போன வாரம் முறைக்கலை. குதிகால்ல கடுகளவு சிவப்பு ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"நாளைக்குக் கடை லீவு. டாக்டர்கிட்ட போகலாம்"னார்.

"வலிக்குதா?"

"இல்ல. அதனாலதான் போகணுங்கறேன்."