மண்டோரின் கோழியும் அப்பாவின் மூச்சும்

அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாயை முந்திக்கொண்டு கை போகும். எனக்கும் அப்படித்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒருமுறை, வேலை வாங்குகிற மண்டோரை அறைந்துவிட்டார். இன்னொருமுறை நடந்தால் வேலையும் இல்லை, லயத்து வீடும் இல்லை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். எண்பதுகளில் மலேசியாவில், கோலசிலாங்கூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு லயத்து வீடு போனால் வேறு கூரை கிடையாது.

அம்மாதான் டவுனில் ஒரு குருவைக் கண்டுபிடித்தார். தாடி வைத்த சாமியார் இல்லை. ரவிக்கை தைக்கிற அக்கா, அப்பாவைவிட இளையவர். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அக்கா சொன்னார்: "மந்திரமெல்லாம் உங்களுக்கு வேணாண்ணே. கோவம் வர்றப்ப மூச்சு உள்ள போறதயும் வெளிய வர்றதயும் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு ஞாயித்துக்கெழம வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை, ஆள் எடுக்கிற பெரட்டில், பழுக்காத குலையை வெட்டியதாக மண்டோர் கத்தினார். அப்பா கைகட்டிக் கண்ணை மூடினார். 'உள்ளே, வெளியே' என்று உதடு மட்டும் அசைந்தது. அன்று மத்தியானமே மண்டோர் மோட்டாரோடு கால்வாயில் விழுந்தார். அப்பா வைத்த செய்வினைதான் என்று லயமே முடிவு கட்டியது. சாயங்காலம் மண்டோர் ஒரு கம்பத்து நாட்டுக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மனசுல ஒண்ணும் வச்சிக்காத லா" என்றார். அப்பா மறுக்கவில்லை. விளக்கமும் சொல்லவில்லை.

பிறகு யார் குரலை உயர்த்தினாலும் அப்பா கண்ணை மூடினார். பயந்தவர்கள் வீட்டிலிருந்து வாழைத்தார் வந்தது, மீன் வந்தது. தண்ணீர் பிடித்துவரச் சொன்ன அம்மாவிடமும் கண்ணை மூடிப் பார்த்தார். "தொறக்கிறீங்களா, தண்ணிய மேல ஊத்தட்டுமா?" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அக்காவிடம் பெருமையாகச் சொன்னார். மிஷின் நின்றது.

"கண்ண மூடச் சொன்னனா? தொறந்து வச்சிக்கிட்டுப் பாருங்க. அந்த மனுசன் பயந்து கெடக்காரு. நாளைக்கே போயி உண்மையச் சொல்லுங்கண்ணே."

எனக்கு அந்த அக்காவைக் கடித்துவிடலாம் போலிருந்தது. "வேற குருவப் பாக்கலாம்பா" என்றேன். அப்பா மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்.

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். "மந்திரம் ஒண்ணும் இல்லண்ணே. ஒங்கள அடிச்சிடக் கூடாதுன்னு மூச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மண்டோரின் முகம் கறுத்தது. "என் கோழியத் தின்னுட்டு இப்ப வந்து சொல்றியாடா" என்று அப்பாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். வேலியோரம் நின்ற அம்மா என் தோளை நெரித்தார். வீடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்பா ஓரடி பின்னால் போய் நின்றார். கண் திறந்தே இருந்தது. மண்டோரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கோழி நல்லா இருந்துச்சுண்ணே" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் பெரட்டே சிரித்தது. கடைசியில் மண்டோரும்.

அடுத்த ஞாயிறு, அக்காவிடம் போக, அப்பாவின் மோட்டாரில் பின்னால் மண்டோர் உட்கார்ந்திருந்தார். அது என் இடம். கோழியும் போய், சவாரியும் போய், இவ்வளவுக்கும் காரணமான அந்த அக்காவை மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தேன். மண்டோர் தள்ளியபோது அப்பாவின் இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை நானும்தான் பார்த்தேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.