அறுபத்துநான்கு பலகைகளில் ஒரு வானம்

ஏணிக்காரி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். தம்பியின் விளக்குக் கம்பெனியில் கூரை வேலை முழுக்க அவள் பொறுப்பு. இருபது அடி உயரத்தில் நின்றுகொண்டு கீழே இருப்பவனைக் கிண்டல் செய்வாள்; கால் துளிகூட நடுங்காது.

அன்று காலை நூலகத்தின் குழந்தைகள் அறைக் கூரையில் இராத்திரி வானம் தயாராக மின்னியது. அறுகோண அலுமினியப் பலகைகள் அறுபத்துநான்கு, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாக எல்இடி விளக்குகள். ஒன்றை இன்னொன்றோடு கோத்து அழுத்தினால் கொக்கி ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் வந்தால் பலகை விழாது. வராவிட்டால் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏணிக்காரி அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருஷமாகிறது. பேச்சு கேட்கும், சின்னச் சத்தங்கள்தான் காதைவிட்டுப் போய்விட்டன. வாயைத் திறந்தாளா? மூச்! சொன்னால் மூலையில் உட்கார்ந்து ஒயர் சுற்றச் சொல்லிவிடுவான் தம்பி. விரல் நுனியில் அதிர்வைப் பிடித்தே ஒப்பேற்றி வந்தாள். நேற்று ஓரத்துப் பலகையில் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. ‘பூட்டியிருக்கும்’ என்று இறங்கிவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

பத்து மணிக்குத் திறப்பு. வெளியே குழந்தைகளின் கூச்சல். அவள் கண் அந்த ஓரத்துப் பலகையைவிட்டு நகரவில்லை. நூலகர் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

“திறக்காதீங்க!”

தம்பி ஓடிவந்தான். “என்னக்கா, எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குற?”

“எனக்குக் காது சரியில்லடா. டிக் கேக்குறதில்ல. அந்த ஓரத்துப் பலகை பூட்டுச்சான்னே தெரியல.”

“விளையாடாதக்கா. அதான் எரியுதே!”

“எரியுது. பூட்டியிருக்கான்னு ஏறிப் பாரு.”

ஏறினான். இரண்டு விரலால் தொட்டதுதான் தாமதம், பலகை கையோடு வந்துவிட்டது. அதை மார்போடு அணைத்தபடி இறங்கியவனின் முகத்தில் ஈயாடவில்லை.

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷமா.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவன் போனை எடுத்தான். அந்த ஒரு வருஷத்தில் அவள் தனியாக மாட்டிய இதே மாதிரிப் பலகைக் கூரை இன்னொன்று இருந்தது, பிரசவ ஆஸ்பத்திரியில்.

“மேடம், வெயிட்டிங் ஹால்ல இருக்கிறவங்களை உடனே வெளியே அனுப்புங்க. ஆமாங்க, நாங்க மாட்டினதுதான். வந்து சொல்றேன், முதல்ல அனுப்புங்க!”

அதற்குள் ஏணிக்காரி ஏணியை மடக்கித் தோளில் போட்டிருந்தாள். தம்பி அதைப் பிடுங்கிக்கொண்டான்.

“நான் ஏறிக்கிறேன். அங்க எந்தப் பலகையில உனக்குச் சந்தேகம்? அதை மட்டும் சொல்லு.”

“எல்லாத்துலயும்டா” என்றாள்.