பலகையில் முக்கால் முகம்

மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து. என் கணினித் திரையில் அந்த வரியை அந்த அம்மா விரலால் தடவித் தேடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செஞ்சியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான் டிசைனராக இருந்த நேரம். அனந்தபுரம் சாலையில், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் குளிக்க இறங்கிய அவருடைய ஒரே மகன் பிணமாகத்தான் கரைக்கு வந்தான். இன்னொரு பிள்ளை இறங்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகை வைக்க வந்திருந்தார். செலவு தன்னுடையது என்று கூடவே வந்த கட்சிக்காரர், பலகையில் முக்கால் பங்கைத் தன் படத்துக்கு எடுத்துக்கொண்டார். மிச்ச இடத்தில்தான் 'ஆழம், இறங்காதே' என்ற அந்த வரி.

"எழுத்து எங்க இருக்குது, பாப்பா? கண்ணுக்கே தெரியல" என்று என்னைக் கேட்டார் அம்மா.

தெரியாதுதான். பின்னணிக்கும் எழுத்துக்கும் நிறத்தில் இருக்க வேண்டிய வேறுபாட்டைக் கான்ட்ராஸ்ட் என்போம். மஞ்சளில் வெள்ளைக்கு அது இல்லை, கறுப்புக்கு உண்டு. எதை முதலில் படிக்க வேண்டுமோ அதைப் பெரிதாக, போல்டாக, அதாவது தடித்த எழுத்தில் வைப்பது படிநிலை. சுற்றிலும் எதுவும் போடாமல் விடும் வெற்றிடம் வீணல்ல. கண் எழுத்தில் போய் நிற்பதே அதனால்தான். இதையெல்லாம் கட்சிக்காரரிடம் சொல்லி, படத்தை எடுத்துவிடலாம் என்றேன்.

"பலகை என்னுது. என் மூஞ்சி இல்லாம எவன் பாப்பான்?"

"எம்புள்ள செத்த எடத்துல உன் மூஞ்சி இன்னாத்துக்குய்யா?" என்றார் அம்மா. அதற்கும் கட்சிக்காரர் சிரித்தார். கடை முதலாளியும் சேர்ந்து சிரித்தார். கட்சிக்காரர் கேட்டபடியே பலகை அச்சாயிற்று.

பலகை நட்ட மறுநாள் அம்மா தனியாக வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மஞ்சளில் கறுப்பாக, 'ஆழம்', அதன் கீழே 'இறங்காதே' என்று மட்டும் அடித்துக் கொடுத்தேன். வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு லீடிங் என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டிக்கொள்ளாதபடி அதைத் தாராளமாக விட்டேன். அம்மா அதைக் கொண்டுபோய் அந்த முகத்தின் மேலேயே கட்டிவிட்டார். கட்சிக்காரரின் ஆட்கள் கிழித்தெறிந்தார்கள். என் வேலையும் போயிற்று.

"கிழிக்க முடியாத மாரி ஒண்ணு பண்ணலாம், வா" என்று அம்மா என் வீடு தேடி வந்தார். குட்டையோரத்துக் கரும்பாறையில் நான் சாக்பீஸால் எழுத்தின் வடிவத்தை வரைய, அவர் அதற்குள் வெள்ளைப் பெயின்டை நிரப்பினார். 'ஆழம்' முடிந்ததும் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது செஞ்சியிலேயே டிசைன் சொல்லித் தருகிறேன். படிநிலை என்ற சொல் வந்தாலே என் குரல் ஏறிவிடுகிறது. படிக்க வருபவர்கள் காரணம் தெரியாமல் முழிக்கிறார்கள். பாறை எழுத்து அப்படியே இருக்கிறது. அதன்பின் அங்கே யாரும் செத்ததாகக் கேள்விப்படவில்லை. போன வாரம் அந்தக் கட்சிக்காரர், தானே எழுதவைத்ததுபோல அதன் முன்னால் நின்று படமெடுத்து, பேருந்து நிலையத்தருகே பேனர் வைத்திருக்கிறார். கைகூப்பிச் சிரிக்கிறார். அவர் தலைக்குப் பின்னால் 'ஆழம்' முழுதாக மறைந்து கிடக்கிறது.